திருப்தி அளந்த ஞாயிற்றுக்கிழமைகள்

இன்று காலை பழவங்காடிப் பிள்ளையார் நடையில் ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வந்துதான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். அந்தத் தேங்காய் மேல் சத்தியம்: இதில் ஒரு சொல்கூட நான் கூட்டியது கிடையாது. குறைத்தது உண்டு. யாரும் நம்ப மாட்டார்களே என்று இரண்டு மூன்று இடங்களில் குறைத்திருக்கிறேன். அந்தப் பாவம் என்னுடையது.

மலையாளத் தலைநகரின் சாலைக் கடைத்தெருவில் எனக்கு நாற்பத்தொரு வருஷமாக வாழையிலைக் கடை. களக்காட்டிலிருந்தும் தோவாளைப் பக்கத்திலிருந்தும் லாரியில் கட்டுக் கட்டாக இலை வரும். விற்ற இலையோடு என் வேலை முடிந்துவிடாது. இலை போன இடத்துக்குப் போய், சாப்பிட்டு எழுந்தவர்கள் மடக்கி வைத்த இலையைப் பார்ப்பது என் வழக்கம். பார்த்துப் பார்த்துக் கண் பழகிவிட்டது. நெய்யாற்றின்கரைக்காரர் மடக்கினால் காம்புப் பக்கம் கொஞ்சம் தொங்கும். வக்கீல்கள் இரண்டு தடவை மடக்குவார்கள். ஒருமுறை கோட்டைக்குள் ஒரு கல்யாணத்தில் முந்நூறு இலையைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளையின் பெரியப்பா மூன்றாவது பந்தியில் கோபித்துக்கொண்டு எழுந்திருக்கிறார் என்றேன். போய் விசாரித்தார்கள். அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, ஆமாம், கோபம்தான் என்றார். அதுவரை அவருக்கே தெரியவில்லை.

நகரத்தின் ஒரு மூலையில் சிறார் இல்லம் ஒன்று இருக்கிறது. எந்த மூலை என்று சொல்ல மாட்டேன். சட்டத்தின் கையில் சிக்கிய பதினெட்டு வயதுக்குட்பட்ட பையன்களை விசாரணை முடியும்வரை வைத்திருக்கும் இடம். நான் சொல்லும் காலத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர்களுக்கு இலை போட்டுச் சாப்பாடு. அந்த இலை என் கடையிலிருந்து போகும். நானே ஆட்டோவில் கொண்டுபோய் இறக்குவேன்.

இல்லத்தின் சூப்பிரண்டு அஜிதா மேடம். சொந்த ஊர் பாறசாலை, அம்மா நாகர்கோவில்காரர். ஒரு வாக்கியத்தை மலையாளத்தில் தொடங்கித் தமிழில் முடிப்பார். நல்ல மனுஷி. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு ஒரு காகிதத்தை நீட்டினார்.

"அண்ணாச்சி, நிங்ஙளு கடை வெச்சிருக்கிற ஆளல்லே. ஒண்ணு சொல்லுங்க. கஸ்டமர்னா ஆரு?"

"வந்து வாங்கிட்டுப் போறவன், மேடம்."

"இவிடெ ஆரும் வாங்க வர்றதில்ல. கொண்டுவந்து விட்டுட்டுப் போறாங்க."

"அப்ப கொண்டுவந்து விடுறவன்தான் கஸ்டமர்."

"அது போலீஸாக்கும்."

விஷயம் இதுதான். அரசாங்க அலுவலகம் ஒவ்வொன்றும் தன் வாடிக்கையாளரின் திருப்தியை அளந்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை தலைமை அலுவலகத்துக்குச் சதவீதமாக அனுப்ப வேண்டும் என்று உத்தரவு. மீன் விற்கிற இலாகாவுக்கும் அதே உத்தரவு, பையன்களைப் பூட்டி வைக்கிற இலாகாவுக்கும் அதே உத்தரவு. அளந்து கொடுக்க ஒரு தனியார் கம்பெனியிலிருந்து சுமந்த் என்று ஒரு பிள்ளை வந்திருந்தான். கோட்டை அக்கிரகாரத்தில் பிறந்து வளர்ந்தவன். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லட். மரியாதை தெரிந்த பையன்.

"மேடம் சொல்றது வாஸ்தவம்," என்றான் சுமந்த். "போலீஸ்லேயே ஆரம்பிச்சேன், அண்ணாச்சி. எல்லாரும் அஞ்சுக்கு அஞ்சு போட்டுட்டா. மறுபடியும் வருவோம்னு வேற எழுதிக் குடுத்துட்டா."

அடுத்ததாக, குழந்தைகள் வழக்கை விசாரிக்கும் மாஜிஸ்திரேட் அம்மாவிடம் போனான். அவர் படிவத்தின் முதல் கேள்வியை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி அவனைப் பார்த்தாராம். அவன் படிவத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். திருட்டுக் கொடுத்தவர்களைக் கேட்டான். ஸ்கூட்டர் திரும்பக் கிடைத்தவருக்குத் திருப்தி, கிடைக்காதவருக்கு இல்லை. கடைசியில் பையன்கள்தான் வாடிக்கையாளர்கள் என்று முடிவாயிற்று. வேறு யாரும் மிச்சமில்லை.

பன்னிரண்டு கேள்விகள் கொண்ட படிவம். ஒரு ஓட்டலுக்காகத் தயாரித்தது போலிருக்கிறது. வரவேற்பறையில் உங்களை எப்படி நடத்தினார்கள் என்பது முதல் கேள்வி. இந்த இல்லத்தை நண்பர்களுக்குச் சிபாரிசு செய்வீர்களா என்பது பதினொன்றாவது. மீண்டும் வர விரும்புகிறீர்களா என்பது பன்னிரண்டாவது.

முதல் தடவை எல்லோரும் எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டார்கள். வார்டர் விஜய்குமார் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தார். கதவே இல்லாத குளியலறையின் கதவுக்கும் ஐந்து. பதினொன்றாவது கேள்விக்கு ஒரு பையன் சிபாரிசு செய்யும் நண்பர்கள் மூன்று பேரின் பெயரை விலாசத்தோடு எழுதியிருந்தான். படிவம் ஸ்டேஷனுக்கு ஒரு நடை போய்விட்டு வந்தது. அந்த வாரமே அதில் இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள்.

நூறு சதவீதத் திருப்தி நம்பும்படியாக இல்லை என்று தலைமை அலுவலகம் திருப்பி அனுப்பியது. இரண்டாம் தடவை விஜய்குமாரை வெளியே நிறுத்திவிட்டு, பெயர் எழுத வேண்டாம் என்றும் சொல்லிப் படிவம் கொடுத்தார்கள். நாலு சதவீதம் வந்தது. அதையும் திருப்பி அனுப்பினார்கள். எண்பதுக்கும் தொண்ணூறுக்கும் இடையில் வரும்படி மனத்தில் வைத்துக்கொண்டு, பாரபட்சமில்லாமல் மறுபடி அளக்கவும் என்று குறிப்பு இருந்தது.

இந்த நிலைமையில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு ஹாலில் நின்று நான் இலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுமந்த் பக்கத்தில் வந்தான்.

"என்ன அண்ணாச்சி, எச்சில் இலையை இப்படி உத்துப் பாக்கறேள்?"

"இவன் சந்தோசமா எந்திரிச்சிருக்கான்," என்று ஒரு இலையைக் காட்டினேன். "மேல் பாதியைத் தன் பக்கமா மடக்கியிருக்கான் பாருங்க. சாப்பாடு நல்லாருந்துச்சு, உறவு வேணும், இன்னும் வாரேன்னு அர்த்தம். அந்தா, அவன் தன் பக்கத்தைத் தூக்கி எதிர்ப்பக்கமா மடக்கியிருக்கான். சாவு விழுந்த துட்டி வீட்டுல மடக்குற மடக்கு. இதோட போதும், இனி இங்க வரப்பிடாதுங்கிறது."

அவன் முகம் மாறியதை நான் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். அப்படி நிற்காததுதான் நான் செய்த பிழை.

"இதுல யாரும் பொய் சொல்ல முடியாதே, அண்ணாச்சி!"

"கைக்குப் பொய் சொல்லத் தெரியாது," என்றேன். அதையும் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் ஒரு பெரிய பாகைமானியோடு வந்தான். தன் பக்கமாக முழுசாக மடங்கிப் படிந்திருந்தால் ஐந்து. பாதி தூக்கி நின்றால் அந்தக் கோணத்துக்குத் தகுந்தாற்போல நாலு, மூன்று. எதிர்ப்பக்கமாக மடங்கினால் ஒன்று. மடக்காமல் விட்டால் பதில் இல்லை என்று கொள்ளவும். ஒவ்வொரு பையனும் எழுந்து தன் இலைக்குப் பின்னால் நிற்க வேண்டும். சுமந்த் குனிந்து கோணம் பார்த்து, போட்டோ எடுத்து, பையனின் நம்பரை டேப்லட்டில் தட்டிய பிறகுதான் இலையை எடுக்கலாம். மடக்கின் நுட்பம் சொல்வதற்கு நான் கூடவே நடந்தேன். எனக்கு இலை ஆலோசகர் என்று ஒரு அட்டையும் மாட்டிவிட்டார்கள்.

முதல் ஞாயிறு எண்பத்தி நாலு சதவீதம். இரண்டாம் ஞாயிறு எண்பத்தியாறு. அடுத்த இரண்டு ஞாயிறும் அதே. தலைமை அலுவலகத்துக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. இவ்வளவு நல்ல அளவீடு வீணாகக் கூடாது என்று, ஒவ்வொரு பையனின் இலை மதிப்பெண்ணும் மாஜிஸ்திரேட் முன்னால் போகும் அறிக்கையில் சேர்க்கப்பட வேண்டும் என்று அடுத்த உத்தரவு வந்தது. யாரை வீட்டுக்கு அனுப்புவது, யாரை அனுப்பக் கூடாது என்று முடிவு செய்வது அந்த அறிக்கையைப் பார்த்துத்தான்.

அந்த வாரம் நாச்சியார் என் கடைக்கு வந்தாள்.

தம்பானூரில் நான் இலை கொடுக்கும் சாப்பாட்டு ஓட்டல் ஒன்றில் பதினொரு வருஷமாக இலை எடுக்கிறவள் அவள். வள்ளியூர்ப் பக்கத்துக்காரி. கட்டட வேலைக்கு வந்த புருஷன் சாரம் சரிந்து விழுந்து இறந்த பிறகு, ஒற்றைப் பிள்ளையோடு இங்கேயே தங்கிவிட்டாள். பிள்ளையின் பெயர் உச்சிமாகாளி. பதினாறு வயது. ரயில்வே ஸ்டேஷன் பக்கம் நின்ற ஒரு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கல்லாறு வரை போய், பெட்ரோல் தீர்ந்ததும் ஆற்றில் குளித்துக்கொண்டிருந்தபோது பிடிபட்டவன். இது இரண்டாம் தடவை. முந்தின வருஷமும் ஒரு ஸ்கூட்டர், அதே கல்லாறு. இல்லத்தில் அப்போது இரண்டாம் தடவையாக வந்திருந்தவன் அவன் ஒருவன்தான். சுமந்தின் டேப்லட்டில் அவன் பெயருக்கு நேரே நிரந்தர வாடிக்கையாளர் என்று பச்சை நிறத்தில் காட்டியது.

"அண்ணாச்சி, வியாழக்கெழம அவன் கேஸ் எடுக்காவ," என்றாள் நாச்சியார். கடைக்கு முன்னால் கிடந்த இலைக்கட்டின் மேல்கூட உட்காரவில்லை. "இந்தத் தடவ சரியா வரலன்னா வடக்க எங்கயோ வேற ஜில்லாவுக்கு ஒரு வருசம் அனுப்பிருவாவளாம். எனக்கு மாசம் ஒரு நாள்தான் லீவு. ஒரு நாள்ல அங்க போயித் திரும்ப முடியாது. பிள்ளைய ஒரு வருசம் பாக்க மாட்டேன்."

"அப்படில்லாம் வராது."

"வரும் அண்ணாச்சி. நேத்து வார்டர் சொன்னாரு, எல்லாம் இந்த ஞாயித்துக்கெழம இலையில இருக்குன்னு. நீங்கதான அதுக்கு ஆபீசரு. எம்பிள்ள எந்தப் பக்கம் மடக்கணும்?"

தன் பக்கம் மடக்கட்டும், ஐந்து மார்க் என்றேன்.

"தன் பக்கம் மடக்குனா இன்னும் வாரேன்னுல்லா அர்த்தம்? ஏற்கெனவே ரெண்டு தடவ வந்தவன். மூணாவதும் வாரேம்னு இலையே சொன்னா அந்த ஜட்ஜம்மா அவன வீட்டுக்கு விடுவாவளா?"

"சரி, அப்ப எதிர்ப்பக்கம்."

"அஜிதா மேடம் போட்ட சோத்தத் தின்னுட்டு அந்தம்மா மூஞ்சிக்கு நேர துட்டி வீட்டு மடக்கு மடக்கச் சொல்லுதியளா? ரிப்போர்ட்டு எழுதுறது அந்தம்மால்லா. ஒழுக்கங்கெட்டவன்னு எழுதிட்டா? அதோட, அவங்க அப்பன் பதினாறுக்கு அவன் மடக்குன மடக்கு அது. அப்பம் அஞ்சு வயசு. மறுபடி அந்தக் கையால மடக்கச் சொல்ல எனக்கு வாய் வராது."

நாற்பத்தொரு வருஷத்தில் இலையைப் பற்றி ஒருவர் கேட்டு எனக்குப் பதில் தெரியாமல் போனது அன்றைக்குத்தான். ஆனால் கழுத்தில் ஆலோசகர் அட்டை தொங்குகிறது. சும்மா அனுப்ப முடியுமா?

"ரெண்டு பக்கமும் வேண்டாம்," என்றேன். "பாதி மடக்கி நேரா நிறுத்தச் சொல்லு. தொண்ணூறு டிகிரி. மரியாதைக்கு மரியாதை, வாரேன்னும் ஆகாது, வரலன்னும் ஆகாது."

"இலை நிக்குமா அண்ணாச்சி?"

"களக்காட்டு இலை நிக்கும்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஒரு நாளைக்கு எண்ணூறு இலை எடுக்கிறவள். கட்டின் மேல் இலையை விரலால் சுண்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். அவள் போனதும் நான் கடையில் பதினேழு இலைகளை நிறுத்திப் பார்த்தேன். பதினாறு விழுந்தன. ஒன்று நின்றது, ஆனால் அது இன்னும் சாப்பிடாத இலை. பருப்பும் சாம்பாரும் பட்ட இலையின் எடை வேறு.

ஞாயிற்றுக்கிழமை, முதுகுத் தண்டு கெட்டியான இலைகளாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போனேன். நாச்சியார் மாதத்தின் ஒரே லீவை அன்றைக்கு எடுத்திருந்தாள். பதினொரு மணிக்கு வராந்தாவில் பார்வை நேரம். நான் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்ததால் அவர்கள் பேசியது காதில் விழுந்தது.

"எய்யா, நல்லாச் சாப்பிடுதியா?"

"ம்."

"இன்னைக்கு இலைய எந்தப் பக்கம் மடக்கப்போற?"

"நோக்கட்டே." பள்ளிக்கூடத்து மலையாளம் அவனுக்கு முந்திக்கொண்டு வரும்.

"பாக்கட்டுமா? வெளையாட்டா இருக்கா ஒனக்கு? அண்ணாச்சி நிறுத்தச் சொல்லுதாவ. நான் யோசிச்சுப் பாத்தேன், அது நடக்காது. நீ தன் பக்கமே மடக்கு. ஆனா பாதி மட்டும். ரொம்ப அமுக்காத."

"எம்மா, ஒனக்கு அங்கயும் இலை, இங்க வந்தாலும் இலையா? வேற பேச்சே கெடையாதா?"

"வேற என்னல எனக்குத் தெரியும்?"

பார்வை நேரம் முடிந்து மணி அடித்தது. நாச்சியாரைக் கேட்டுக்கு வெளியே உள்ள பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள்.

இனி நடந்ததை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். ஹாலில் ஒரு நேரத்தில் இருபது பேர்தான் உட்காரலாம். அதனால் இரண்டு பந்தி. பெரிய பையன்கள் முதல் பந்தி, சின்னவர்கள் இரண்டாம் பந்தி. அளவீடு வருவதற்கு முன் முதல் பந்தி எழுந்து இரண்டு நிமிஷத்தில் இரண்டாம் பந்தி உட்கார்ந்துவிடும். பாகைமானி வந்த பிறகு நாற்பது நிமிஷம் ஆயிற்று. சின்னவர்கள் வாசலில் வரிசையாக நிற்பார்கள். நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்த்தேன் என்று சொல்லிவிட்டேன். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

அன்றைக்குச் சாம்பார், அவியல், பப்படம், சேமியாப் பாயசம். முதல் பந்தி சாப்பிட்டு, மடக்கி, எழுந்து நின்றது. உச்சிமாகாளி இரண்டாவது வரிசையில் கடைசி. அவன் இன்னும் மடக்கவில்லை. கையை இலை ஓரத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சுமந்த் முதல் வரிசையின் முதல் இலைக்கு முன்னால் மண்டியிட்டுப் பாகைமானியை வைத்தான்.

"நூத்தி அறுபத்தி ரெண்டு. அண்ணாச்சி, ஓரம் சுருண்டிருக்கே, அது வருத்தமா?"

"வெயில்," என்றேன்.

வாசலில் நின்ற பையன்களில் ஒருவன் போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பிலிருந்து வந்தவன். ஆளே இலை உயரம்தான் இருப்பான். பக்கத்திலிருந்தவனிடம் மெதுவாகக் கேட்டான், ஆனால் ஹால் அமைதியாக இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"சோறு தீந்துருமா?"

"தீராது. ஆறிரும்."

"போன வாரமும் ஆறிருச்சு."

உச்சிமாகாளி எழுந்தான். மூலையில் இருந்த இலை வாளியை எடுத்தான். தன் இலையை அதில் போட்டான், அடுத்த இலையை எடுத்தான், அடுத்தது. இலையை எடுக்கிற கை ஒன்று, கீழே சிந்தியதை வழிக்கிற கை ஒன்று. இரண்டும் ஒன்றுக்கொன்று காத்திருக்கவில்லை. எங்கே கற்றான் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

"டேய், டேய்! டேட்டா போறதுடா!" சுமந்த் பாகைமானியோடு எழுந்து ஓடினான். "அளந்த இலையைத்தான் எடுக்கலாம்னு, அய்யோ, அளந்தது ஒண்ணுதாண்டா ஆச்சு! மேடம், பாருங்கோ!"

விஜய்குமார் முன்னால் வந்தார். அஜிதா மேடம் கையைத் தூக்கினார். வார்டர் நின்றுவிட்டார்.

சுமந்த் கடைசி இலையின் மேல் இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டான். உச்சிமாகாளி அவன் முன்னால் வாளியோடு நின்றான். அவசரப்படவில்லை, கோபமும் இல்லை. ஓட்டலில் சாப்பிட்டு முடித்தும் எழுந்திருக்காத ஆளின் முன்னால் இலை எடுக்கிறவர்கள் எப்படி நிற்பார்களோ அப்படி நின்றான். சுமந்த் கையை எடுத்துவிட்டான்.

மூன்று நிமிஷம் ஆகவில்லை. ஈரத்துணியால் துடைத்தான், காய்ந்த துணியால் மறுபடி துடைத்தான். என் கையிலிருந்த கட்டை வாங்கி, நுனி இடது பக்கம் வரும்படி இருபது இலை போட்டான்.

"உக்காருங்கலே," என்றான் வாசலைப் பார்த்து.

நான் வெளியே போனேன். நாச்சியார் பெஞ்சிலிருந்து எழுந்தாள்.

"எப்பிடி மடக்குனான் அண்ணாச்சி?"

"தெரியாதும்மா. எல்லார் இலையையும் அவன் எடுத்துட்டான்."

"எடுத்துட்டானா? யாரு எடுக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லல. ரெண்டாம் பந்தி நின்னுச்சு."

அவள் உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்.

"தொடைச்சானா?"

"தொடைச்சான்."

"ஈரத்துணியாலயா?"

"ஈரத்துல ஒண்ணு, காஞ்சதுல ஒண்ணு."

சேலை முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். நான் ஆட்டோவில் ஏறி வந்துவிட்டேன். அந்த இடத்தில் ஆலோசகருக்கு வேலை இல்லை.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் சுமந்த் அஜிதா மேடத்தின் அறையிலேயே இருந்தான். அளவீட்டைக் கெடுத்தவர் மேல் அறிக்கையில் ஒழுங்கீனம் என்று குறிப்பு எழுத வேண்டும் என்பது விதி. கையேட்டில் பக்கம் முப்பத்தொன்று. அவன் அதைத் திறந்து வைத்துக்கொண்டே இருந்தானாம். அஜிதா மேடம், "அது அவிடெ இரிக்கட்டே," என்று சொன்னாரே தவிர என்ன எழுதினார் என்று அவனுக்குக் காட்டவில்லை. அந்த மூன்று நாளும் நாச்சியார் ஓட்டலில் வேலை பார்த்தாள். எல்லா இலையும் அவளுக்கு எதிர்ப்பக்கம் மடங்கியதாகவே தெரிந்தது என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

வியாழக்கிழமை நானும் போயிருந்தேன். இலை பற்றிச் சந்தேகம் வந்தால் சொல்வதற்கு. விசாரணை நடக்கும் அறை கோர்ட் மாதிரி இருக்காது. ஒரு மேஜை, நாற்காலிகள், சுவரில் குழந்தைகள் வரைந்த படம். மாஜிஸ்திரேட் அம்மா அறிக்கையைப் புரட்டினார்.

"இதில் திருப்தி என்று ஒரு கட்டம் இருக்கிறதே. இந்தப் பையனுக்கு நேரே, அளக்கவில்லை, எடுத்துவிட்டான் என்று எழுதியிருக்கிறீர்கள். எதை எடுத்தான்?"

எடுத்துவிட்டான் என்ற சொல்லை அந்த அறையில் வேறொன்றைப் பற்றித்தான் வழக்கமாகச் சொல்வார்கள். அஜிதா மேடம் எழுந்து, நடந்ததை நடந்தபடியே சொன்னார். பாகைமானியையும் மறைக்கவில்லை.

மாஜிஸ்திரேட் அம்மா உச்சிமாகாளியைப் பார்த்தார். "ஏன் எடுத்தே?"

"ரெண்டாம் பந்தி நின்னுச்சு."

"நின்னா?"

"பசிக்கும்."

அவர் சுமந்தின் பக்கம் திரும்பினார். "இரண்டாம் பந்தியில் நிற்கிற குழந்தைகளின் திருப்தி எத்தனை சதவீதம்?"

சுமந்த் டேப்லட்டைப் பார்த்தான். மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான். "மேடம், நிக்கறப்போ அவாளுக்கு முன்னாடி இலை இல்லை. அதனால நிக்கறதை அளக்கலை."

"எத்தனை ஞாயிற்றுக்கிழமை இப்படி நின்றார்கள்?"

அஜிதா மேடம்தான் பதில் சொன்னார். "அஞ்சு."

வெளியே பஸ் போகிற சத்தம் கேட்டது. மாஜிஸ்திரேட் அம்மா பேனாவைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார்.

"மறுபடியும் இங்கே வருவாயா?" என்று பையனைக் கேட்டார். படிவத்தின் பன்னிரண்டாவது கேள்வி அது என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

நாச்சியார் அவன் தோளைத் தொட்டாள். சட்டென்று ஒரு நல்ல பதில் சொல்லிவிட மாட்டானா என்று அந்தக் கை கெஞ்சியது. அவன் யோசித்தான். ரொம்ப நேரம் யோசித்தான்.

"தெரியல மேடம். வரப்பிடாதுன்னு நெனைக்கேன். ஸ்கூட்டரப் பாத்தா எனக்குக் கையி சும்மா இருக்க மாட்டேங்குது."

"எய்யா!" என்றாள் அம்மா.

"பொய் சொல்லச் சொல்லுதியா?"

மாஜிஸ்திரேட் அம்மா எழுதத் தொடங்கினார். எழுதி முடித்ததை வாசித்தார். பையன் தாயோடு வீட்டுக்குப் போகலாம். ஒரு வருஷத்துக்கு மாதம் ஒருமுறை நன்னடத்தை அதிகாரி போய்ப் பார்க்க வேண்டும். சனிக்கிழமைகளில் அவன் ஒரு ஸ்கூட்டர் மெக்கானிக்கிடம் வேலை பழக வேண்டும்; கை சும்மா இருக்காதென்றால் ஸ்பானர் பிடிக்கட்டும். இல்லத்தில் கடைசிக் குழந்தை சாப்பிட்டுக் கை கழுவும்வரை யாரும் எதையும் அளக்கக் கூடாது.

நாச்சியாருக்கு முதலில் புரியவில்லை. கோர்ட்டு மலையாளத்தில் வாசித்தார்கள். பையன்தான் சொன்னான், "எம்மா, வீட்டுக்கு." அவள் கும்பிடத் தொடங்கினாள், மாஜிஸ்திரேட், அஜிதா மேடம், விஜய்குமார், நான், சுவரில் இருந்த படம்வரை கும்பிட்டாள். சுமந்தையும் கும்பிட்டாள். அவன் டேப்லட்டைப் பையில் வைத்துவிட்டுத் திருப்பிக் கும்பிட்டான். "தப்பா எடுத்துக்காதீங்கோம்மா," என்றான். அந்தப் பிள்ளை கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன்.

தலைமை அலுவலகம் அந்த மூன்று மாதத்துக்கு எண்பத்தைந்து சதவீதம் என்று தானே எழுதிக்கொண்டது. தாயும் மகனும் வெயிலில் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்கள். வழியில் வரிசையாக ஸ்கூட்டர்கள் நின்றன. அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள், பதினாறு வயசுப் பையனின் கையை, நடு ரோட்டில். அவன் விடுவித்துக்கொள்ளவில்லை.

தேங்காய் மேல் சத்தியம் செய்திருப்பதால் கடைசியாக இதையும் சொல்லிவிடுகிறேன்: அந்த இல்லத்தில் சோறு போடுவது, கட்டடம் திறந்த நாள் முதல் இன்றுவரை, எவர்சில்வர் தட்டில்தான்.